எம் அலையைப் பார்க்காமல் எச் அலையை நம்பாதீர்கள்

போன வாரம் தஞ்சாவூரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில், காலில் நரம்பைத் தூண்டித் தண்டுவடத்தின் அனிச்சையை எச் அலையாக அளக்கும் சோதனையில், இரண்டு முதுநிலை மாணவர்கள், 14 வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தப்பை என் கண்ணெதிரே செய்தார்கள். தோலைத் துடைப்பது, எர்த் சரிபார்ப்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எம் அலையைக் கவனிக்காதது

முழங்காலின் பின்குழியில் டிபியல் நரம்பை லேசாகத் தூண்டினால், முதலில் கிளம்புவது தசையிலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் ஐஏ நார்கள். அந்தச் செய்தி தண்டுவடம் போய்த் திரும்பி, ஆடுசதையின் சோலியஸ் தசையில் சுமார் 30 மில்லிசெகண்டில் எச் அலையாகத் தெரியும். பால் ஹாஃப்மன் 1910-ல் விவரித்தது இது. மின்னோட்டத்தைக் கூட்டினால் இயக்க நார்களும் நேரடியாகக் கிளம்பி, எச்சுக்கு வெகு முன்னாலேயே அதே தசையில் எம் அலை வரும்.

பாதத்தை மேலே தூக்க முன்கால் தசையை இறுக்கும்போது தண்டுவடம் ஆடுசதையை அடக்கிவைக்கும், எச் குறையும். நாம் அளக்க வந்தது அதைத்தான். ஆனால் தசை இறுகினாலே நரம்புக்கும் எலெக்ட்ரோடுக்கும் இடைவெளி மாறிவிடும். மெஷின் அதே மில்லிஆம்பியரைக் காட்டும், நரம்புக்குப் போய்ச் சேர்வது வேறாக இருக்கும். எச் குறைந்தது தண்டுவடத்தாலா, எலெக்ட்ரோடு விலகியதாலா என்று சொல்ல எம் அலை ஒன்றுதான் சாட்சி: எம் மாறவில்லை என்றால் நரம்புக்குப் போய்ச் சேர்ந்ததும் மாறவில்லை.

அந்த மே மாதம் திருவையாறு பக்கத்து நடவாட்கள் 11 பேரிடம் பதிவெடுத்தேன். எச் எல்லாருக்கும் அழகாகக் குறைந்தது. வழிகாட்டி தாளைப் புரட்டிவிட்டு, "இதுல எம் எங்கப்பா?" என்றார். திறந்து பார்த்தால் ஒன்பது பேருக்கு எம்மும் கூடவே சுருங்கியிருந்தது. மறுபடி எடுக்கலாமென்று போனபோது மேட்டூர் திறந்தாகிவிட்டது. முழங்கால் சேற்றில் நின்ற ஓர் அக்கா நாற்றுமுடியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "தண்ணி வந்துடுச்சு தம்பி. இனி அறுப்பு முடிஞ்சு பாக்கலாம்." இரண்டு மாத உழைப்பும் அவர்கள் விட்ட கூலியும் வீண். இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

எம்-உச்சத்தில் (மின்னோட்டத்தை இன்னும் கூட்டினாலும் அதற்கு மேல் வளராத எம்) ஏறக்குறைய 5 சதவீதம் வரும் சின்ன எம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தூண்டலிலும் அது மாறாமலிருக்க வேண்டும், மாறியதைத் தள்ளுங்கள். எம்-உச்சத்தையும் இறுக்கத்தின்போதே மறுபடி எடுங்கள். தசை சுருங்கினால் அதுவும் மாறும்.

பின்னணி இ.எம்.ஜி. சமமில்லாத பதிவுகளை ஒப்பிடுவது

தூண்டலுக்கு முன்பே தசையில் இருக்கும் மின்செயல்பாடுதான் பின்னணி இ.எம்.ஜி. அது சமமில்லாமல் ஒப்பிடவே கூடாது.

முன்கால் தசையில் எலெக்ட்ரோடு ஒட்டாமல் விடுவது

ஆடுசதையை மட்டும் இறுக்கச் சொன்னாலும் பயந்தவர்கள், வழுக்கும் வரப்பில் நடப்பதுபோல் இரண்டு பக்கத்தையும் சேர்த்து இறுக்குவார்கள். அப்போது தண்டுவடத்தின் கணக்கே வேறு: எதிர்த்தசை அடக்கம் தளரும், ஐஏ நார்முனைகளின் மேல் உள்ள அடக்கம் கூடும். முன்னே ஒரு ஜோடி ஒட்டியிருந்தால் உடனே தெரிந்துவிடும்.

அந்த இரண்டு மாணவர்களின் பதிவிலும் எம் பாதியாகியிருந்தது. மேட்டூர் திறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஆட்களைத் திரும்பக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.