ஓநாய் அடைப்பில் செய்யக்கூடாதவை

ஓநாய்களைப் பராமரிக்கப் புதிதாக வருபவர்கள் ஒரே மாதிரித் தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். தாழ்ப்பாள் போட மறப்பதையெல்லாம் யாராவது உடனே திருத்திவிடுவார்கள், அதை விடுங்கள்.

'ஆல்பா' ஆகப் பார்ப்பது

மற்றவற்றை அடக்கிக் கூட்டத்தை ஆளும் தலைமை ஓநாயைத்தான் 'ஆல்பா' என்கிறார்கள். அந்தக் கருத்துக்கு அடிப்படையான, 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதிய ஆய்வு, அடைப்பில் வாழ்ந்த ஓநாய்களைப் பற்றியது. காட்டுக் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1999-இல் தெளிவாக எழுதிவிட்டார். இன்னமும் சிலர் ஓநாயைப் பிடித்து மல்லாத்தி அடக்கப் பார்க்கிறார்கள். பணிகிற ஓநாய் தானாகவே மல்லாந்து படுக்கும். நீங்கள் தள்ளினால் அது உயிருக்குப் பயந்து கடிக்கும்.

அடிபடும் ஓநாயைப் பரிதாபப்பட்டுப் பிரிப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

காட்டில் பெரும்பாலான ஓநாய்கள் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் கூட்டத்தை விட்டுக் கிளம்பிவிடும். அடைப்பில் எங்கே கிளம்புவது? குளிர்ப் பிரதேச ஓநாய்களுக்கு இணைசேரும் காலமான குளிர்காலக் கடைசி நெருங்கும்போது உரசல் கூடும். ஆணை ஆண் விரட்டும், பெண்ணைப் பெண் விரட்டும். கூட்டத்தில் கடைநிலையில் இருப்பது வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு வேலியோரமாகவே நடக்கும். பார்க்கிறவர் மனம் தாங்காமல் அதைத் தனிக் கூண்டுக்கு மாற்றிவிடுகிறார்.

நான் பார்த்த இளம் பெண் ஓநாய் ஒன்றுக்குத் தொடையில் சின்னக் காயம்தான். ஆறும்வரை கூட்டத்தின் கண்ணில் படாத இடத்தில் வைத்திருந்து, அப்புறம் நேராகக் கதவைத் திறந்துவிட்டார்கள். உறுமலே இல்லை. கூடப் பிறந்த அக்காவே கால்களை விறைத்து நின்று பார்த்தது, பாய்ந்தது, கவ்வியதை விடவில்லை. முகவாயைக் கவ்வி உடனே விட்டுவிடுகிற, சத்தம் நிறைந்த சண்டை பெரும்பாலும் சடங்கு. சத்தமில்லாமல் தொடையையும் விலாவையும் குறிவைத்தால் அது நிஜம். அந்தப் பெண் பிழைத்தது, ஆனால் கூட்டத்துக்குத் திரும்பவே முடியவில்லை. அடைப்புக்குள் வேறொன்று அடிவாங்க ஆரம்பித்திருந்தது.

முதலில் அடைப்பின் அமைப்பை மாற்றுங்கள். இறைச்சியைத் தள்ளித் தள்ளிப் பல இடங்களில் போடுங்கள். ஒவ்வொரு குகைக்கும் இரண்டு வாசல் வையுங்கள். துரத்தப்படுவது பார்வையிலிருந்து மறைய மண்மேடும் மரத்தண்டுகளும் வேண்டும். பிரித்தே ஆகவேண்டும் என்றால், மூக்கோடு மூக்கு முகரும்படி கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வையுங்கள். மயக்க ஊசி போட்டதைத் தள்ளாட்டம் முழுசாகத் தெளியாமல் உள்ளே விடாதீர்கள்.

பணிந்த பிறகும் விரட்டல் நிற்கவில்லை, சாப்பிடவும் விடவில்லை என்றால் சரி, பிரியுங்கள். அது நிரந்தரப் பிரிவு என்று முடிவெடுத்து, ஒத்துப்போகும் துணை ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். தனி ஓநாய் நொந்துபோகும்.

வாயருகே இருக்கும் இறைச்சியை எடுப்பது

வேண்டாம். கடைநிலை ஓநாய்கூட அதை விட்டுக்கொடுக்காது.

கையில் வளர்ந்தது நாயாகிவிடும் என்று நம்புவது

கண் திறக்குமுன்பே எடுத்து வளர்த்தாலும் ஓநாய் ஓநாய்தான். சுமார் இரண்டு வயதில் பருவம் வரும்போது உங்களையும் சோதித்துப் பார்க்கும். நீங்கள் நொண்டிக்கொண்டோ காய்ச்சலோடோ இருக்கும் நாளில் உள்ளே போகாதீர்கள்.