ஒரு சிற்றூரின் வாக்கைப் படிப்பது எப்படி: பென்னாகரத்தை முன்வைத்து

தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம் சட்டமன்றத் தொகுதியில் 2006-இல் திமுக வென்றது. 2010 இடைத்தேர்தலிலும் திமுகவே வென்றது. 2011-இல் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியும், 2016-இல் மீண்டும் திமுகவும், 2021-இல் பாமகவும் வென்றன. இந்த வரிசையை மட்டும் பார்ப்பவர், நிலையில்லாத மனம் படைத்த மக்கள் என்று முடிவு கட்டிவிடக்கூடும். வென்றவரின் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு, வாக்குச்சாவடி வாரியாகப் பல தேர்தல்களை அருகருகே வைத்துப் படித்தால்தான் ஓர் ஊரின் உண்மையான சாய்வு தெரியும்.

அதற்கு முதலில் வேண்டியது படிவம் 20. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகளும் நோட்டாவுக்கு விழுந்தவையும் அதில் இருக்கும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் அது கிடைக்கிறது. அத்துடன் வாக்குச்சாவடிப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு, பென்னாகரம் பேரூராட்சிக்குள் வரும் சாவடிகளை மட்டும் தனியே பிரித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் தொகுதி வேறு, ஊர் வேறு, சுற்றுக் கிராமங்களின் வாக்கே தொகுதி முடிவில் பெரும்பங்கு வகிக்கிறது. சாவடி எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறக்கூடும் என்பதால், எண்ணை நம்பாமல் தெருப் பெயர்களைக் கொண்டே ஒரு தேர்தலின் சாவடியை மற்றொரு தேர்தலின் சாவடியோடு பொருத்த வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதில் பிழை நேர்ந்தால் பின்னால் வரும் எந்தக் கணக்கும் நிற்காது.

அடுத்ததாக, இவற்றைத் தொகுக்கும் அட்டவணையில் கட்சிப் பெயருக்குப் பக்கத்தில் கூட்டணிக்கென்று ஒரு நெடுவரிசை சேர்க்க வேண்டும். தருமபுரி மாவட்டத்தில் இது இல்லாமல் எதுவும் விளங்காது. பாமக 2009-இல் அதிமுகவோடும், 2011-இல் திமுகவோடும், 2014-இல் பாஜகவோடும், 2019-இலும் 2021-இலும் அதிமுகவோடும், 2024-இல் மறுபடி பாஜகவோடும் நின்றது. இத்தேர்தல்களில் பாமகவின் மாம்பழச் சின்னத்துக்கு விழுந்த வாக்கில் எது அக்கட்சியின் சொந்த வாக்கு, எது தோழமைக் கட்சியின் வாக்கு என்று பிரித்தறிய முடியாது. ஆகவே அது தனித்து நின்ற 2010 இடைத்தேர்தலும், அன்புமணி ராமதாஸ் முதல்வர் வேட்பாளராகப் பென்னாகரத்திலேயே போட்டியிட்டுத் தோற்ற 2016 தேர்தலும்தான் அளவுகோலாகப் பயன்படும். 2010-இல் பாமக இரண்டாமிடம் பெற அதிமுக வைப்புத்தொகையை இழந்தது என்பதையும், மறு ஆண்டே அதிமுக அணியில் நின்ற இந்திய கம்யூனிஸ்ட் கட்சி வென்றது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஓர் இடைத்தேர்தலை வைத்து ஒரு கட்சியின் வேர் அறுந்துவிட்டது என்று எழுதுவது எவ்வளவு அவசரமானது என்பது புலப்படும்.

எந்தப் பதவிக்கான தேர்தல் என்பதும் வாக்கை மாற்றுகிறது. 2019 ஏப்ரல் 18 அன்று நடந்த வாக்குப்பதிவில் தருமபுரி மக்களவைத் தொகுதியைத் திமுக கைப்பற்றியது. அதே நாளில் நடந்த அரூர், பாப்பிரெட்டிப்பட்டி சட்டமன்ற இடைத்தேர்தல்களில் அதிமுக வென்றது. இவ்விரு தொகுதிகளிலும் ஒரே சாவடியில் ஒரே மக்கள் இரண்டு பொத்தான்களை அழுத்தியிருக்கிறார்கள். சட்டமன்றத்துக்கான படிவத்தையும் மக்களவைக்கான படிவத்தையும் சாவடி சாவடியாக ஒப்பிட்டால், எந்தத் தெருக்களில் வாக்கு பிரிந்தது என்று கண்டறியலாம். இதைவிட நல்ல பயிற்சி புதியவருக்குக் கிடைக்காது. உள்ளாட்சியைப் பொறுத்தவரை, 2022 பிப்ரவரியில் நடந்த பேரூராட்சி வார்டுத் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடந்தது என்பதால் ஒப்பிடலாம். கிராம ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சி சாராதது என்பதால் அதைக் கட்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வாக்குப்பதிவு விழுக்காட்டை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். 2024-இல் தமிழ்நாட்டிலேயே அதிகமாகத் தருமபுரியில் 81.20 விழுக்காடு பதிவானது. பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போனவர்கள் வாக்களிக்க ஊர் திரும்புவதும் இதில் அடங்கும். ஆனால் 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிர திருத்தம் வாக்காளர் பட்டியலையே மாற்றியிருப்பதால், அதற்கு முந்தைய விழுக்காட்டையும் பிந்தைய விழுக்காட்டையும் நேரடியாக ஒப்பிடாமல் பதிவான வாக்குகளின் எண்ணிக்கையை ஒப்பிடுவதே முறை.

சாதியைக் கொண்டு வாக்கைக் கணிப்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். வன்னியர் பெரும்பான்மையாக வாழும் பகுதி இது என்பது உண்மையே. ஆயினும் முதன்மைக் கட்சிகள் பல முறை அதே சமூகத்தவரையே நிறுத்துவதாலும், ஒரு சாவடிக்குள் பல தெருக்கள் கலந்திருப்பதாலும், சாதி மட்டும் விடையாகிவிடாது.

எண்கள் எழுப்பும் கேள்விகளோடு அதன் பிறகே மக்களிடம் போக வேண்டும். பல ஆண்டுகள் கட்சியின் சார்பில் சாவடிக்குள் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவர்கள், அவர்கள் எக்கட்சியினராயினும், தத்தம் தெருவை நன்கு அறிந்திருப்பார்கள். எதிரெதிர்க் கட்சியினர் இருவரிடமும் ஒரே சாவடியைப் பற்றிக் கேட்பது நல்லது. பொதுமக்களிடம் எந்தக் கட்சிக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்பது முறையன்று, பயனும் தராது. தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த இம்மாவட்டத்தில், திமுக ஆட்சியில் 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு அதிமுக ஆட்சியில் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்துக்கு யார் காரணம் என்று ஒருவர் சொல்லும் விடையிலேயே அவருடைய சாய்வு பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

கண்டறிந்ததை வெளியிடும்போது தனி ஒரு சாவடியைச் சுட்டாமல், நான்கைந்து சாவடிகளைச் சேர்த்து எழுதுங்கள். சில நூறு குடும்பங்களே உள்ள ஒரு பகுதியை இன்ன கட்சியின் தெரு என்று அச்சிட்டுவிட்டால், அங்கே சாலைக்கும் குடிநீருக்கும் மனுக் கொடுப்பவர்கள் அந்த முத்திரையைச் சுமக்க நேரும்.