புதுப் போன் வாங்கும் முன்: ஆண்ட்ராய்டா ஐபோனா, இப்போதா பிறகா?

வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்கும்போது "சாயம் போகுமா?" என்று கேட்காமல் யாரும் பணத்தை எடுப்பதில்லை. போன் கடையில் மட்டும் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்டுவிட்டு வாங்கி வந்துவிடுகிறோம். அங்கே முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "இந்த மாடலுக்குப் பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை வரும்?" (திருடர்கள் நுழையக்கூடிய மென்பொருள் ஓட்டைகளை அடைக்க நிறுவனம் அனுப்பும் திருத்தம்தான் பாதுகாப்பு அப்டேட்.) ஆண்ட்ராய்டா ஐபோனா என்ற வாக்குவாதத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதல்முறையாக ஸ்மார்ட்போன் வாங்குகிறவர்களையும், வீட்டில் அப்பா அம்மாவுக்கு வாங்கித் தருகிறவர்களையும் மனதில் வைத்து, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: கையில் இருக்கும் போனைச் சோதியுங்கள்

ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸைத் திறந்து, கடைசியில் இருக்கும் "அபௌட் போன்" பகுதிக்குப் போங்கள். எத்தனையாவது ஆண்ட்ராய்டு, கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதியில் வந்தது என்ற இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சில போன்களில் அந்தத் தேதி "செக்யூரிட்டி" என்ற பகுதிக்குள் இருக்கும். ஐபோனில் "ஜெனரல்" பகுதிக்குள் "சாஃப்ட்வேர் அப்டேட்" என்று இருக்கும்.

அடுத்து பேட்டரி. ஐபோனில் "பேட்டரி ஹெல்த்" என்ற இடத்தில் விழுக்காடு தெரியும். 80-க்குக் கீழே இறங்கிவிட்டால் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழு சார்ஜ் சுற்றுகள் வரை 80 விழுக்காட்டைத் தக்கவைக்கும் என்றும், ஐபோன் 15 முதல் 1000 சுற்றுகள் வரை தாங்கும் என்றும் ஆப்பிள் சொல்கிறது. ஆண்ட்ராய்டில் எல்லா மாடலிலும் இந்த எண் தெரியாது. காலையில் நிரப்பிய சார்ஜ் மதியத்துக்குள் தீர்கிறதா, 30 விழுக்காட்டில் திடீரென அணைகிறதா என்று பாருங்கள்.

பின்மூடி மேடாக எழும்பியிருந்தாலோ, டிஸ்ப்ளேயின் ஓரத்தில் நகம் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று பொருள். அந்த நொடியே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், தலையணைக்கு அருகில் வைக்காதீர்கள், நேராக சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போங்கள்.

மூன்றாவது, போனில் உள்ள சேமிப்பிடம். கொருக்குப்பேட்டையில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர், போன் திணறுகிறது, மாற்றப் போகிறேன் என்றார். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா", அதற்குள் "மேனேஜ் ஸ்டோரேஜ்" திறந்து பார்த்தோம். பட்டியலின் உச்சியில் சொந்தக்காரர்கள் குழு இருந்தது. உள்ளே ஒரே கல்யாண வீடியோ நான்கு பேர் அனுப்பி நான்கு முறை சேமிக்கப்பட்டிருந்தது, சுற்றிலும் காலை வணக்கப் படங்கள். வாடிக்கையாளர்கள் அனுப்பிய ஜாக்கெட் மாதிரிப் படங்களை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியை அழித்தோம், பேட்டரியை மாற்றினோம். அதே போனில்தான் அவர் இன்றும் ஆர்டர் எடுக்கிறார்.

படி 2: மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

பேட்டரி பலவீனம், இடப் பற்றாக்குறை, கீறல் விழுந்த கண்ணாடி ஆகிய எதுவும் புதுப் போன் வாங்கக் காரணம் ஆகாது. எல்லாமே சரிசெய்யக்கூடியவை. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோவது மட்டும் கடைக்காரர் சரிசெய்ய முடியாத கோளாறு. நீங்கள் குறித்த தேதி ஒரு வருடத்துக்கு மேல் பழையது, "அப்டேட் இருக்கிறதா" என்று தேடினாலும் ஒன்றும் வரவில்லை என்றால், அந்தப் போனில் வங்கிச் செயலியும் ஜிபே போன்றவையும் வைத்திருப்பது ஆபத்து. மாற்றிவிடுங்கள்.

செயலிகளும் ஒரு கட்டத்தில் கைவிடும். 2025 ஜனவரி 1 முதல் ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே உள்ள போன்களில் வாட்ஸ்அப் நின்றுவிட்டது. அதே ஆண்டு மே மாதம் ஐஓஎஸ் (ஐபோனின் இயங்குதளம்) 15.1-க்குக் கீழே உள்ள ஐபோன்களுக்கும் நின்றது. ஐபோன் 5எஸ், ஐபோன் 6 வைத்திருந்தவர்களுக்கு வேறு வழியில்லாமல் போனது.

படி 3: மீதமுள்ள ஆண்டுகளைக் கணக்கிடுங்கள்

பலர் சறுக்கும் இடம் இது. "நான்கு ஆண்டு அப்டேட்" என்றால் மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து நான்கு ஆண்டு. நீங்கள் வாங்கிய நாள் கணக்கில் வராது. தள்ளுபடியில் மலிவாகக் கிடைக்கும் பழைய மாடலில் பாதிக் காலம் கடையிலேயே கழிந்திருக்கும்.

ஓர் உதாரணக் கணக்கு. 12,000 ரூபாய் போனுக்கு இன்னும் ஓர் ஆண்டுதான் அப்டேட் வரும். 18,000 ரூபாய் போனுக்கு ஆறு ஆண்டுகள் வரும். முதலாவது ஆண்டுக்கு 12,000, இரண்டாவது ஆண்டுக்கு 3,000. விலைச்சீட்டில் மலிவாகத் தெரிந்ததுதான் நான்கு மடங்கு செலவு வைக்கிறது.

கூகுள் பிக்சல் 8 முதலும் சாம்சங் கேலக்சி எஸ்24 முதலும் ஏழு ஆண்டு அப்டேட் என்று அறிவித்தார்கள். அவை விலை கூடியவை. நடுத்தரக் குடும்பத்துக்கு நல்ல செய்தி, 2024 அக்டோபரில் வந்த கேலக்சி ஏ16 5ஜி போன்ற எளிய மாடலுக்கும் ஆறு ஆண்டு கிடைத்தது. ஆப்பிள் பெட்டியின் மேல் ஆண்டு எதையும் அச்சிடுவதில்லை, பழைய வழக்கத்தை வைத்துக் கணிக்க வேண்டும்: 2025-இல் வந்த ஐஓஎஸ் 26, 2019-இன் ஐபோன் 11-க்குக் கிடைத்தது, 2018-இன் ஐபோன் எக்ஸ்ஆருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே எக்ஸ்ஆரை "குறைந்த விலையில் ஐபோன்" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

படி 4: இரண்டில் எது?

ஒரு காலத்தில் நோக்கியாவின் சிம்பியன், பிளாக்பெர்ரி, விண்டோஸ் போன் என்று பல இருந்தன. விண்டோஸ் போனுக்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது, பிளாக்பெர்ரியின் பழைய போன்களுக்கான சேவை 2022 ஜனவரியில் நின்றது. நம் கடைகளில் மிஞ்சியவை இரண்டுதான்.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு நான் சொல்லும் விதி ஒன்று உண்டு. போனில் ஏதாவது சிக்கினால் யாரைக் கூப்பிடுவீர்கள்? மகளா, தம்பியா, எதிர்வீட்டுப் பையனா? அவர் கையில் எது இருக்கிறதோ அதையே வாங்குங்கள். வியாசர்பாடியில் இருக்கும் அம்மாவுக்கு வேலையிடத்திலிருந்து மகன் போனிலேயே "மேலே வலது மூலையில் மூன்று புள்ளி இருக்கும், அதைத் தொடு" என்று சொல்ல வேண்டுமானால், இருவர் திரையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் எந்தச் சிறப்பம்சத்தையும்விட இது வயதானவர்களுக்குப் பெரிய உதவி.

மொழியையும் பாருங்கள். ஆண்ட்ராய்டில் மெனு முழுவதையும் தமிழில் வைக்கும் வசதி நெடுநாளாக இருக்கிறது. ஐபோனில் தமிழ் விசைப்பலகை 2013-இலேயே வந்தும், மெனுவைத் தமிழுக்கு மாற்றும் வசதி 2025-இல் ஐஓஎஸ் 18.4-உடன்தான் வந்தது.

பாதுகாப்பில் பெரிய வேறுபாடு ஒன்று. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்தும் செயலியை நிறுவலாம். "போக்குவரத்து அபராதம்", "வங்கிக் கணக்கு முடக்கம்" என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) அனுப்பிப் பணத்தைச் சுருட்டும் கும்பல்கள் இந்த வழியைத்தான் நம்பியிருக்கின்றன. நம் ஊரில் விற்கும் ஐபோனில் இந்த வழி கிடையாது. ஆண்ட்ராய்டு வாங்கினால் முதல் நாளே செட்டிங்ஸில் "இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்" என்று தேடி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், பிளே ஸ்டோரில் தீங்கான செயலிகளைச் சோதிக்கும் "பிளே புரொடெக்ட்" இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

பட்ஜெட் 20,000 ரூபாய்க்குள் என்றால், நீண்ட அப்டேட் உள்ள புது ஆண்ட்ராய்டே என் தேர்வு. அந்த விலைக்குப் புது ஐபோன் இல்லை.

படி 5: நம் பகுதியின் வெயிலையும் உப்பையும் கணக்கில் எடுங்கள்

ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நம் கத்திரி வெயில் அதைக் காலையிலேயே தாண்டிவிடும். எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டியின் கைப்பிடியில் போனை மாட்டி, சார்ஜும் போட்டபடி டெலிவரிக்குப் போகிற தம்பிகளின் பேட்டரி சீக்கிரம் சாவதற்குச் சூடுதான் முதல் காரணம். போதாததற்கு, சக்திவாய்ந்த பைக் என்ஜின்களின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது. அதிர்வைத் தாங்கும் மாட்டியை வாங்குங்கள், மதிய நேரத்தில் ஓட்டிக்கொண்டே சார்ஜ் போடாதீர்கள்.

காசிமேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. தண்ணீர் தாங்கும் என்று போனுக்குத் தரப்படும் ஐபி68 என்ற முத்திரை நல்ல தண்ணீரில் சோதித்துக் கொடுக்கப்படுவது. கடல் நீருக்கு அது உறுதி இல்லை. சாதாரண பிளாஸ்டிக் உறைப் பைதான் அங்கே போனைக் காப்பாற்றும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஒரு நாள் தாங்காத பேட்டரியோடு மழைக்காலத்துக்குள் போகாதீர்கள். மாற்றுவதானால் ஐப்பசிக்கு முன்பே மாற்றுங்கள்.

படி 6: கடையில்

பாரிமுனைப் பக்கம் செகண்ட் ஹேண்ட் வாங்குவதானால், பணம் கொடுக்கும் முன் *#06# அழுத்துங்கள். வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, அந்த எண் என்று தட்டச்சு செய்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் பதிலிலேயே தெரிந்துவிடும். ஐபோன் என்றால் பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். "ஜெனரல்", "அபௌட்" பகுதியில் "அன்னோன் பார்ட்" என்று வந்தால் உள்ளே அசல் அல்லாத பாகம் இருக்கலாம்.

வட்டியில்லாத் தவணை என்றால் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, கார்டில் வட்டியின் மீது ஜிஎஸ்டி பிடிப்பார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

படி 7: பழையதிலிருந்து புதியதற்கு

ஆண்ட்ராய்டின் வாட்ஸ்அப் காப்பு (பேக்கப்) கூகுள் கணக்கிலும், ஐபோனின் காப்பு ஆப்பிளின் இணையச் சேமிப்பகமான ஐகிளவுடிலும் சேரும். ஒன்றை மற்றொன்று படிக்காது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறீர்கள் என்றால், புது ஐபோனை முதன்முதலாக இயக்கும்போதே பழைய போனில் "மூவ் டு ஐஓஎஸ்" செயலியைப் போட்டு மாற்ற வேண்டும். அமைத்து முடித்த பிறகு நினைவு வந்தால் ஐபோனை அழித்து மறுபடி தொடங்க நேரிடும். அவசரப்படாமல், வைஃபை உள்ள இடத்தில் இரண்டு போனையும் சார்ஜில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

யுபிஐ செயலிகள் புதுப் போனில் மறுபடி பதிவு கேட்கும். வங்கியில் கொடுத்த எண்ணுள்ள சிம் அதே போனில் இருக்க வேண்டும், அதிலிருந்து எஸ்எம்எஸ் போகும் அளவு பேலன்ஸும் இருக்க வேண்டும். பணம் அனுப்பிப் பார்த்து, படங்களும் தொடர்பு எண்களும் வந்துவிட்டனவா என்று உறுதி செய்யும் வரை பழைய போனைத் தொடாதீர்கள். விற்கும் நாளில் முதலில் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு, அதன் பிறகே ஃபேக்டரி ரீசெட் (போனில் உள்ள அனைத்தையும் அழிப்பது) செய்யுங்கள். வரிசை மாறினால், வாங்கியவர் உங்கள் கடவுச்சொல் கேட்டு உங்கள் வீட்டுக்கே வந்து நிற்க வேண்டியிருக்கும்.