பெடல் ஸ்டீல் கிட்டார்: கதிரை எவ்வளவு உயரம் இருக்கவேண்டும்?

பெடல் ஸ்டீல் கிட்டார் மேசைபோலக் கால்களில் நிற்கும். அதன் முன்னால் இருந்து, கம்பிகளின் மேல் பார் எனும் உலோகத் துண்டை நகர்த்தி, பாதத்தால் பெடலையும் முழங்காலால் அடியில் தொங்கும் லீவரையும் தள்ளிச் சுரம் மாற்றி வாசிப்போம். வீட்டில் கிடக்கும் பிளாஸ்டிக் கதிரை இதற்குச் சரிவராது. கைப்பிடி முழங்கையில் இடிக்கும். இருக்கை பின்னுக்குச் சரிவதால் முழங்கால் மேலெழுந்து லீவரில் முட்டும். கைப்பிடியில்லாத தட்டை ஸ்டூல்தான் நல்லது. 18 முதல் 20 அங்குலம் அநேகமானோருக்குப் பொருந்தும். அதை நம்பி உடனே தச்சரிடம் ஓடவேண்டாம். 17 அங்குல ஸ்டூல் ஒன்றும், மேலே அடுக்க 12 மி.மீ., 18 மி.மீ. பிளைவுட் துண்டுகள் இரண்டிரண்டும் எடுங்கள். மெத்தை வேண்டாம், அரை மணித்தியாலத்தில் அமுங்கி, அளந்த உயரத்தைக் கெடுத்துவிடும்.

வாசிக்கும்போது போடும் சப்பாத்தோடு அளவெடுங்கள். வெறுங்காலோடு சரிபார்த்துவிட்டுச் சப்பாத்தோடு மேடையேறினால் குதி உயர்ந்து கணக்குப் பிழைக்கும். சாரமும் வேண்டாம், மடிப்பு லீவரில் மாட்டும்.

முதலில் 15ஆம் ஃபிரெட்டுக்கு (கம்பிகளுக்கடியில் சுர இடத்தைக் காட்டும் கோடு) நேரே நெஞ்சு வரும்படி இருங்கள்.

அடுத்தது இடது கால். குதி நிலத்தில் ஊன்றியிருக்க, முன்பாதம் அருகருகே உள்ள ஏ, பி பெடல்கள் இரண்டிலும் கிடக்கவேண்டும். கணுக்காலை மட்டும் சரித்து ஏ, பி, பிறகு இரண்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். குதி கிளம்பினால் இருக்கை உயரம் கூட. தொடையின் பாரம் பெடலில் விழுந்து சுரம் வெட்டிவெட்டி ஏறும். ஒரு பிளைவுட்டை எடுத்துவிடுங்கள்.

பலர் தடுமாறுவது இதற்கு நேரெதிரான பிழையில். இருக்கை தணிந்தால் இடது தொடை, மேல்நோக்கித் தூக்கும் லீவரைச் சும்மா இருக்கும்போதே தள்ளும். வழக்கமான ஈ9 அமைப்பில் (கம்பிகளுக்குச் சுருதி கூட்டும் ஒரு முறை) அந்த லீவர் 5ஆம் கம்பியை அரைச்சுரம் இறக்கும். ட்யூனர் 5ஆம் கம்பியை மட்டும் எந்நேரமும் தணிவாகக் காட்டினால் முறுக்கியைத் தொடாதீர்கள், தொடையைப் பாருங்கள். லீவருக்கும் தொடைக்கும் இடையில் ஒரு விரல் புகவேண்டும். பக்க லீவர்கள் முட்டினால் அது உயரப் பிரச்சினை அல்ல, ஸ்டூலை இடமோ வலமோ நகர்த்தினால் தீரும்.

பிறகு கை. முன்னங்கை நிலத்துக்குச் சமாந்தரமாக இருந்தால் பார் கம்பிகளில் தட்டையாகக் கிடக்கும். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கினால் பாரின் அழுத்தம் ஒருபக்கம் குறைந்து கம்பி இரையும்.

காலுக்குச் சரி, கைக்குச் சரியில்லை என்றால் மட்டும் கிட்டாரின் கால்களைத் தொடுங்கள். பெடல் சட்டம் முன்கால்களில் பூட்டியிருப்பதால், கீழ்ப்பாகத்தை நீட்டினால் பெடலும் சேர்ந்து உயரும். 1 செ.மீ. அளவில் சமாளிக்கலாம். அதற்குமேல் போனால் நீளமான கால்களும், அவற்றுக்கேற்ற பெடல் கம்பிகளும் (பெடலைக் கிட்டாரோடு இணைப்பவை) வேண்டும். உயரத்துக்காகப் பெடல் கம்பியை மட்டும் திருகுவது எனக்கு உடன்பாடில்லை, பெடலின் இருப்பே மாறிவிடும்.

கடைசியாக, வலது காலால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வொல்யூம் பெடல். வலது முழங்கால் எந்த லீவரிலும் படாத இடத்தில் வையுங்கள்.

பின்சேர்க்கை: டைல் தரையில் கிட்டார் மெல்ல முன்னால் வழுக்கும், கால் எட்டாமல் போகும். உயரத்தில் குறை தேடாமல் அடியில் ரப்பர் விரிப்புப் போடுங்கள். பன்பாய் கிட்டாரோடு சேர்ந்தே நகரும். திருகோணமலை உப்புக்காற்றில் கால்களின் மரைகள் இறுகும். கழற்றும்போதெல்லாம் துடைத்து ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். பூட்டுவதற்கு முன் சரியான நீளத்தை மார்க்கரால் கோடிட்டு வையுங்கள்.