அரைநாளில் பிங்யாவ்: எங்கே கோட்டை விடுகிறார்கள்?

சீனாவில் கோட்டை மதில் முழுச் சுற்றாக நிற்கும் பழைய ஊர்கள் அதிகம் மிஞ்சவில்லை. மிஞ்சியவற்றில் முக்கியமானது ஷான்சி மாகாணத்துப் பிங்யாவ். 1370-இல் மிங் ஆட்சியில் இன்றைய வடிவத்துக்கு வந்த மதில், சுமார் 6 கிலோமீட்டர் சுற்றளவு. உள்ளே இன்னமும் மக்கள் குடியிருக்கிறார்கள். 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பெய்ஜிங்கிலிருந்து சியான் போகிறவர்கள் நடுவில் இறங்கி அரைநாளில் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று திட்டம் போடுவார்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் காகிதத்தில் அரைநாளாக இருப்பது ஊருக்குள் போனதும் இரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிடும். காரணம் பெரும்பாலும் ரயில் நிலையத்திலேயே ஆரம்பிக்கிறது.

பிங்யாவுக்கு இரண்டு நிலையங்கள். ‘பிங்யாவ்’ என்ற பழைய நிலையம் மதிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே சாதாரண ரயில்கள் நிற்கும். 2014-இல் வந்த அதிவேக ரயில் பாதையின் நிலையம் ‘பிங்யாவ் குச்செங்’. குச்செங் என்றால் பழைய நகரம்; பெயரிலேயே இருக்கிறதே என்று நம்பி இறங்கினால், ஊர் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பேருந்து உண்டு, டாக்சி உண்டு. எதில் போனாலும் அரை மணி நேரத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். டாக்சிக்காரரிடம் சொல்ல வேண்டியது வெறும் ‘பழைய ஊர்’ அல்ல, எந்த வாசல் என்று. கார்கள் பொதுவாக மதிலோடு நின்றுவிடும், உள்ளே மின்வண்டிகள்தான். அதில் ஏறும் முன் சொன்ன காசு ஆளுக்கா, மொத்தத்துக்கா என்று விரலைக் காட்டியாவது கேட்டுக்கொள்ளுங்கள். உருளும் பெட்டியோடு கல் பாவிய தெருவில் இறங்காமல் இருப்பது இன்னும் நல்லது.

திரும்பும் ரயிலுக்கும் இதே கணக்குதான். பாதுகாப்புச் சோதனை, பாஸ்போர்ட் பார்ப்பது (தானியங்கிக் கதவு திறக்காவிட்டால் ஆள் நிற்கும் வரிசைக்குப் போக வேண்டும்), அப்புறம் ரயில் கிளம்பச் சில நிமிடம் இருக்கும்போதே நடைமேடைக் கதவை மூடிவிடுவார்கள். ஆக, இரண்டு ரயிலுக்கும் நடுவே 6 மணி நேரம் இருந்தால் ஊருக்குக் கிடைப்பது சுமாராக 4. இந்த 4 மணி நேரத்தை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

அடுத்தது டிக்கெட். ஊருக்குள் நடக்கக் காசு வேண்டாம். மதில் மேல் ஏறவும் பழைய வங்கிகள், நீதிமன்ற வளாகம், கோயில்களைப் பார்க்கவும் ஒரே கூட்டுச்சீட்டு. பல ஆண்டுகளாக 125 யுவான், சில நாட்கள் செல்லும். தனித்தனியாக வாங்க முடியாது. 20-க்கும் மேற்பட்ட இடங்கள் இந்தச் சீட்டில் அடக்கம் என்பதுதான் பொறி. காசு கொடுத்தாயிற்றே என்று ஒவ்வொரு முற்றத்திலும் நுழைந்து நுழைந்து வெளியே வருபவர்களைப் பார்க்கலாம். நாலாவது இடத்துக்குப் பிறகு எல்லா முற்றமும் ஒன்று போலவே தெரியும். என்னைக் கேட்டால் மூன்று போதும்: மதில், பழைய வங்கியான ரிஷெங்சாங், மாவட்ட அதிகாரியின் பழைய அலுவலகமான யாமென். சாயங்காலம் இவற்றைச் சீக்கிரமே பூட்டிவிடுவார்கள். அதனால் முதலில் சீட்டு வேண்டிய இடங்கள், தெருவும் கடையும் கடைசியில்.

பலர் செய்வது நேர் எதிர். வாசலில் நுழைந்ததும் சந்தைக் கோபுரம் நிற்கும் தெற்குத் தெருவில் மாட்டிக்கொள்கிறார்கள். வினிகர் கடை, அரக்குப் பெட்டிக் கடை, வாடகைக்குப் பழங்கால உடை, நடுவில் கைபேசி ஏந்திய கூட்டம். இதையே பார்த்துவிட்டு ‘ஒரே கடைத்தெருவாக இருக்கிறது’ என்று சலித்துக்கொள்வதில் நியாயமில்லை. இரண்டு சந்து தள்ளி நடந்தால் துணி காயும் வீடுகள்தான்.

முதலில் மதில் மேல் ஏறச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தெருவில் நடக்கும்போது உயரமான சாம்பல் நிறச் செங்கல் சுவரைத் தவிர எதுவும் தெரியாது, வெளிப்பக்கம் ஜன்னலே இருக்காது. மேலே போனால் ஊரின் அமைப்பு பிடிபடும். பல வீடுகளின் கூரை ஒரே பக்கமாக, உள்முற்றத்தை நோக்கிச் சரிகிறது. மழைநீர் செல்வம், அது வெளியே போகக்கூடாது என்று விளக்கம் சொல்வார்கள். பின்சுவர் உயர்ந்துவிடுவதால் திருடன் ஏறுவதும் கஷ்டம். பணம் புழங்கிய ஊர் என்பது கூரையிலேயே தெரிகிறது. முழுச் சுற்றும் நடக்க ஆசைப்பட வேண்டாம், இரண்டு மணி நேரம் போய்விடும், நிழலும் கிடையாது. உள்ளே மண்ணை இடித்து நிரப்பி வெளியே செங்கல் போர்த்திய மதில் இது. 2021 அக்டோபர் பெருமழையில் ஒரு பகுதி சரிந்தது. பழுது பார்க்கும் நாட்களில் சில பகுதிகளை மூடிவைப்பதும் உண்டு. ஏறிய வாசலிலிருந்து அரை மணி நேரம் நடந்து இறங்கினால் போதும். தெற்கு வாசல் வழியாக வந்தால், தரைக் கல்லில் வண்டிச் சக்கரங்கள் அரைத்த பள்ளத்தைக் குனிந்து பாருங்கள்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பது மேற்குத் தெருவில் ரிஷெங்சாங்கில் இருக்கிறது. சாயக்கடையாக இருந்ததை 1823 வாக்கில் லெய் லூதாய் என்ற மேலாளர் ஊர் விட்டு ஊர் பணம் அனுப்பும் உண்டியல் நிறுவனமாக மாற்றினார். வெள்ளியை மூட்டை கட்டி, கொள்ளையருக்குப் பயந்து ஊர் ஊராகக் கொண்டுபோகாமல், இங்கே கட்டிச் சீட்டு வாங்கி, தூரத்து ஊர்க் கிளையில் மாற்றிக்கொள்ளலாம். 30-க்கும் மேற்பட்ட ஊர்களில் கிளை. கள்ளச் சீட்டைத் தடுக்க மாதத்துக்கும் தேதிக்கும் தொகைக்கும் ரகசிய எழுத்துகள் வைத்திருந்தார்கள். மாதத்துக்கான 12 எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு வாக்கியமே வரும்: போலிச் சீட்டில் ஏமாறாதே, எழுத்தையும் முத்திரையையும் உற்றுப் பார்க்க மறவாதே! வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கடை முகப்பு. ஐந்து நிமிடத்தில் படமெடுத்துத் திரும்பிவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. முக்கால் மணி நேரம் கொடுங்கள். நவீன வங்கிகள் வந்து இந்தத் தொழில் படுத்தது. ஊரிடம் பழையதை இடித்துப் புதிதாகக் கட்டப் பணமில்லை. 1980-களின் தொடக்கத்தில் இடிப்பு ஆரம்பித்தபோது தொங்ஜி பல்கலைக்கழகப் பேராசிரியர் ருவான் யீசான் தலையிட்டு, புதிய ஊரை மதிலுக்கு வெளியே கட்ட வைத்தார். நாம் இன்று பார்ப்பது அதனால் மிஞ்சியதுதான்.

சில்லறைத் தவறுகளும் உண்டு. அக்டோபர் முதல் வாரமும் சீனப் புத்தாண்டும் மே முதல் தேதியை ஒட்டிய விடுமுறையும் அரைநாள் பயணத்துக்கு ஆகாது. ரயில் சீட்டு பொதுவாக 15 நாள் முன்பு திறக்கும், அன்றே எடுத்துவிடுங்கள். பணம் செலுத்தும் சீனச் செயலியான அலிபேயில் வங்கி அட்டையை இணைப்பதை நம் வீட்டிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். கூகுள் வரைபடத்தை நம்பினால் நீல நிறப் புள்ளி பக்கத்துத் தெருவில் நிற்கும், ஆகவே உள்ளூர் வரைபடச் செயலிதான் சரி. சாப்பாட்டில் மாட்டிறைச்சிதான் ஊரின் பெருமை. சைவக்காரர்கள் ‘இறைச்சி சாப்பிட மாட்டேன்’ என்பதைச் சீனத்தில் எழுதி கைபேசியில் வைத்திருங்கள். காய்கறித் தட்டிலும் கொத்துக்கறி வரும். மாவை வேகவைத்துக் கீற்றுப் போட்டு வினிகரும் பூண்டும் சேர்க்கும் வான்துவோ பெரும்பாலும் பிரச்சினையில்லை.

கடைசியாக, ஊருக்கு வெளியே உள்ள இரண்டு கோயில்கள். யுனெஸ்கோ பட்டியலில் இவையும் சேர்த்தி என்பதால் அரைநாளுக்குள்ளேயே திணிக்கப் பார்க்கிறார்கள். சுவாங்லின் தென்மேற்கே சுமார் 6 கிலோமீட்டர், ஜென்குவோ வடகிழக்கே சுமார் 12. எதிரெதிர் திசை, சீட்டும் தனி. ஜென்குவோவின் முதன்மை மண்டபம் 963-ஐச் சேர்ந்தது, மரக்கட்டடக்கலையில் ஈடுபாடு உள்ளவர்கள் அதற்கென்றே இன்னொரு நாள் வரலாம். சுவாங்லினில் 2,000-க்கும் மேல் வண்ணம் தீட்டிய சுதைச் சிற்பங்கள் இருக்கின்றன. சிற்பம் என்றால் உயிர் என்பவர்கள் யாமெனை விட்டுவிட்டு டாக்சி பிடித்து அங்கே போகலாம். மண்டபங்கள் இருட்டாக இருக்கும், வெயில் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்.