புதுப்பித்த வீட்டை விற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வீட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்து விற்பனைக்கு வைத்தால், பார்க்க வருகிறவர் முதலில் சுவரைத் தடவிப் பார்ப்பார், ஓதம் இருக்கிறதா என்று. அடுத்து அண்ணாந்து கூரையில் கறை தேடுவார். கூட வந்த பெரியவர் குளியலறைக் கதவைத் திறந்து மூக்கை உறிஞ்சுவார். புதுப்பித்த வீடு என்றாலே "எதையோ மூடி வைத்திருக்கிறார்கள்" என்ற எண்ணம் அவர்களோடு சேர்ந்தே உள்ளே வருகிறது. வேலூரில் சத்துவாச்சாரியானாலும் காந்தி நகரானாலும் தொரப்பாடியானாலும், லட்சக்கணக்கில் செலவழித்த வீடு மாதக்கணக்கில் விலை போகாமல் நிற்கிறது என்றால், பெரும்பாலும் அந்தச் சந்தேகத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்றுதான் பொருள்.

ஓதத்தின் மேல் பட்டி பார்ப்பது

இதுதான் முதல் தவறு, விற்கிறவருக்கு அதிக நஷ்டம் வைக்கும் தவறும் கூட. கீழ்ச்சுவரில் உப்புப் பூத்து பெயின்ட் உரிந்திருக்கும். பெயின்டர் அதைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட்டிங் ஓட்டிவிடுவார். ஒரு மழைக்காலம் போதும், மறுபடி கொப்புளம் கிளம்பும். தண்ணீர் சுவருக்குப் பின்னாலிருந்தோ அடியிலிருந்தோ வருகிறது. முன்பக்கம் எதைப் பூசினாலும் அது தள்ளிக்கொண்டு வெளியே வரும். நாலு அடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டி மறைப்பது இன்னும் மோசம். "ஹாலில் இந்தச் செவுத்துக்கு மட்டும் எதுக்கு டைல்ஸ்?" என்று அனுபவப்பட்ட மேஸ்திரி ஒரே பார்வையில் கேட்டுவிடுவார்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். ஓரடிக்கு ஓரடி பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் மட்டும் ஈரமானால் அது அறையின் காற்றில் உள்ள ஈரம். சுவருக்குள்தான் என்றால் பின்னால் குளியலறைக் குழாய் போகிறதா, வெளியே மண் மட்டம் தளத்துக்கு மேல் ஏறியிருக்கிறதா, மழைநீர் சுவரோரம் தேங்குகிறதா என்று பார்த்து அதைச் சரிசெய்ய வேண்டும். பிறகு சுவர் முழுதாகக் காய வேண்டும். புதிதாகப் பூச்சு வேலை செய்திருந்தால் பெயின்டுக்கு முன் குறைந்தது நான்கு வாரம் விட வேண்டும். இந்த ஒரு மாதத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பலர் பேரத்தில் லட்சங்களை விடுகிறார்கள்.

சட்டமும் இதில் வாங்குகிறவர் பக்கம் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆவது பிரிவின்படி, வாங்குகிறவர் சாதாரண கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் சொல்லியாக வேண்டும். ஓதத்தைத் தெரிந்தே மூடுவது அந்த வகையில் வந்துவிடும்.

மொட்டை மாடியும் இப்படித்தான். கான்கிரீட் தளம் என்றால், வடிகால் குழாய்களை அடைத்து ஓர் அங்குல உயரம் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் விட்டு, கீழே கூரையைப் பாருங்கள். தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கொசப்பேட்டை போன்ற பழைய பகுதிகளில் மரக்கட்டையும் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் இப்படித் தண்ணீர் நிறுத்தாதீர்கள். ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ பாரம் கூடும், பழைய கட்டைக்கு அது வேண்டாம். ஹோஸ் பைப்பில் தண்ணீர் ஓடவிட்டு, சரிவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

சுவருக்குள் போனதைப் படம் எடுக்காமல் விடுவது

புது வயரிங், புதுக் குழாய், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு எல்லாம் டைல்ஸுக்கும் பூச்சுக்கும் அடியில் போய்விடும். பணம் அதிகம் போனது அங்கேதான், ஆனால் பார்க்கிறவர் கண்ணில் படுவது சுவரின் நிறம் மட்டும். சுவரைக் காடி எடுத்தபோது, குளியலறைத் தரையைத் தோண்டியபோது, எர்த் குழி வெட்டியபோது எடுத்த படங்களை ஒரு கோப்பில் போட்டு வீட்டிலேயே வையுங்கள். விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டிருந்தால் அதைப் பில்லோடு காட்டுங்கள். மெயின் போர்டில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் வருகிறவர் எதிரிலேயே டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள்.

பில்லுக்கு இன்னொரு பயனும் உண்டு. கூடுதலாகக் கட்டிய அறை போன்ற நிலையான மேம்பாட்டுச் செலவை வீடு விற்ற லாபத்திலிருந்து கழித்து வரி கணக்கிடலாம். வெறும் பெயின்ட், பழுதுபார்ப்பு கழியாது. கையில் ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காத செலவைப் பிறகு நிரூபிக்க வழியில்லை.

செலவு அத்தனையும் விலையில் ஏற்றுவது

15 லட்சம் செலவழித்தேன், அதனால் விலையும் 15 லட்சம் கூட என்ற கணக்கு இங்கே நிற்காது. வங்கி மதிப்பீட்டாளர் மனைக்கு ஒரு மதிப்பும், கட்டடத்துக்கு வயதைக் கழித்து ஒரு மதிப்பும் போடுவார். ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், சுவர் பேனல் இவற்றுக்குக் கிடைப்பது சொற்பம். தண்ணீர், மாடித் தளம், வயரிங், கழிவுநீர் இந்த நான்கிலும் செய்த செலவுக்குத்தான் வாங்குகிறவர் மனமுவந்து காசு கொடுப்பார்.

வாங்குகிறவர் கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கணக்கையும் போட்டு வையுங்கள். வீடு 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவுக் கடனில் வங்கி கொடுக்கக்கூடிய உச்சம் 80 சதவீதம், அதாவது 48 லட்சம். மீதி 12 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், 5 லட்சத்து 40 ஆயிரம். ஆக, கடன் கிடைத்தாலும் சொந்தப் பணமாக 17 லட்சத்து 40 ஆயிரம் வேண்டும். வீட்டைப் பிடித்திருக்கிறது என்று சொல்கிற குடும்பத்திடம் இதைப் பக்குவமாகக் கேட்டுவிட்டால் இரண்டு மாத அலைச்சல் மிச்சம். 50 லட்சமும் அதற்கு மேலும் போனால், வாங்குகிறவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டுவார், இங்கே 60 ஆயிரம். கடைசி நாளில் "ஏன் குறையுது?" என்று சண்டை வராமல் முதலிலேயே பேசிவிடுங்கள்.

காகிதம் தயாராகுமுன் கதவைத் திறப்பது

வீட்டைப் பிடித்துப்போய் அன்று மாலையே வக்கீலைக் கூட்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது பத்திரம் தேடினால் சூடு ஆறிவிடும். அதிகம் சறுக்குவது மூன்று இடங்களில்.

வீட்டுக் கடனை அடைத்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள், வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே இருக்கும். கடன் அடைத்த பிறகு வங்கியிடம் ரசீது ஆவணம் வாங்கிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான் அது நீங்கும்.

அடுத்தது, அப்பா பெயரிலிருந்த வீட்டை ஒரு மகன் சொந்தச் செலவில் இடித்துக் கட்டி விற்க வருவது. இந்துக் குடும்பத்தில் அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் அம்மாவுக்கும் அக்கா தங்கைகளுக்கும் சம பங்கு உண்டு. செலவு செய்தவர் யார் என்பது பங்கை மாற்றாது. அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் கொடுக்க வேண்டும், அல்லது கிரயத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். வீட்டைப் பார்க்க ஆள் வரத் தொடங்கிய பிறகு கையெழுத்துக் கேட்டால், கேட்கும் தொனியே குடும்பத்தில் புண்ணை உண்டாக்கும். வேலை ஆரம்பிக்கும் முன்பே பேசி முடித்துவிடுவது எல்லோருக்கும் மரியாதை.

மூன்றாவது, அனுமதி வாங்காமல் எழுப்பிய மாடி. அங்கீகரித்த வரைபடத்தில் இல்லாத தளத்துக்கு வங்கி மதிப்புப் போடத் தயங்கும். மாடிக்குச் சொத்து வரி சேர்க்காமல் விட்டிருந்தால் பெயர் மாற்றும்போது அதுவும் கிளம்பும்.

நாளும் நேரமும்

யார் எப்போது போன் செய்தாலும் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் வைத்து எல்லோரையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள். ஞாயிறு காலை 8 முதல் 11.30 வரை வசதியான நேரம். 12 முதல் 1.30 எமகண்டம், மாலை 4.30 முதல் 6 ராகு காலம். பார்க்க வருவார்கள், ஆனால் அந்த நேரத்தில் விலைப் பேச்சைத் தொடங்க மாட்டார்கள். "அப்புறம் சொல்றோம்" என்று கிளம்பிப் போனவர் இன்னொரு வீட்டைப் பார்த்துவிடுவார். ஆடியிலும் மார்கழியிலும் கிரயம் வைக்க யோசிப்பார்கள் என்பதற்காக வீட்டைப் பூட்டிவிட வேண்டாம். ஆடியில் பார்த்து, பேசி முடித்து, ஆவணியில் பதிகிறவர்கள் நிறைய.

வேலூர் சித்திரை வெயிலில் மாடி அறை கொதிக்கும் என்பது வாங்குகிறவருக்குத் தெரியும். காலையிலேயே ஏசியைப் போட்டுக் குளிர வைத்துக் காட்டுவதைவிட, மாடியில் வெள்ளை வெப்பத் தடுப்புப் பூச்சோ தட்டோடோ போட்டிருப்பதைக் காட்டலாம். ஊதுபத்தியும் ரூம் ஸ்பிரேயும் வேண்டவே வேண்டாம், எந்த வாடையை மறைக்கிறார்கள் என்று மூக்கு தேடத் தொடங்கும். பெயின்ட் வேலை முடிந்து இரண்டு மூன்று வாரம் ஜன்னல்களைத் திறந்து வைத்தாலே போதும்.

தண்ணீர்க் கேள்விக்குத் தயாராகாமல் இருப்பதுதான் இந்த ஊரில் பெரிய குறை. போர் எத்தனை அடி, மோட்டார் எத்தனை ஹெச்பி, மே மாதத்தில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 20 லிட்டர் வாளி எத்தனை நொடியில் நிறைகிறது என்று அவர்கள் எதிரில் பிடித்துக் காட்டுங்கள். போர் தண்ணீரின் பரிசோதனை அறிக்கையை ஒட்டி வையுங்கள். குடிநீர்த் தரத்தில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. உங்கள் போரில் 1,400 வந்தால் 1,400 என்றே சொல்லுங்கள். குழாயில் வெள்ளை உப்புப் படிந்திருப்பதை அவர்கள் எப்படியும் பார்க்கப்போகிறார்கள். பாலாற்றுப் பக்கம் வீடு என்றால் 2021 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்பார்கள். பதிலை மழுப்பினால் அடுத்த தெருவில் விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள்.

வருகிறவர்களிடம் பேசும் விதம்

வீட்டில் ஒருவர்தான் பேச வேண்டும். அண்ணன் ஒரு விலை, மருமகன் ஒரு விலை, மூன்று தரகர்கள் மூன்று விலை என்று போனால், வாங்குகிறவர் மிகக் குறைந்ததிலிருந்து பேரத்தைத் தொடங்குவார். தரகு எத்தனை சதவீதம், யார் தருவது, நீங்கள் சொன்ன விலைக்கு மேல் வைத்துச் சொல்லக் கூடாது என்பதையெல்லாம் முதலிலேயே பேசிவிடுங்கள். பெண்ணுக்குக் கல்யாணம், கடன் நெருக்குகிறது என்று அவசரத்தைக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

வாசலிலேயே சாதி, சாப்பாடு விசாரிக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது வருகிறவரை அவமதிப்பது. சிஎம்சி, விஐடி என்று பல ஊர்க்காரர்கள் வேலைக்கு வந்து வீடு தேடும் ஊர் இது.

நகையும் அசல் பத்திரமும் அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டாம். நகல் கொடுத்தால் அதன் குறுக்கே தேதியும் பெறுகிறவர் பெயரும் எழுதிக் கொடுங்கள். இன்னொன்று: ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்று போன் வரும். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருப்பதால் சட்டென்று நம்பிவிடுகிறோம். பணம் வாங்க ஸ்கேனும் தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை. கேட்டால் அது மோசடி. உண்மையான ராணுவக் குடும்பம் என்றால் மனைவியோ அண்ணனோ நேரில் வந்து பார்ப்பார்கள்.

அட்வான்ஸும் சாவியும்

5,000 ரூபாய் டோக்கனை வாங்கிக்கொண்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். ரசீதில் 15 நாள் கெடு எழுதுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாக வரலாம், வங்கி வழியாகவே வாங்குங்கள். ஒப்பந்தத்தைப் பதிந்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறும். அவர் பின்வாங்கினாலும் இருவரும் போய் ரத்து செய்யாமல் அது நீங்காது. ஆகவே கடன் ஒப்புதல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்த பிறகே பதிவுக்குப் போங்கள்.

"நல்ல முகூர்த்தம் இருக்கு, பால் மட்டும் காய்ச்சிக்கிறோம்" என்று கிரயத்துக்கு முன்பே சாவி கேட்பார்கள். மறுக்க மனம் வராது. வேண்டுமானால் நீங்களும் கூட இருந்து பால் காய்ச்ச விடுங்கள், சாமான் இறக்கவோ பூட்டை மாற்றவோ விடாதீர்கள். ஒப்பந்தத்தை வைத்துக் குடியேறிவிட்டால், பிறகு பேச்சு வழுக்கினால் வெளியேற்றுவது கோர்ட் வேலையாகிவிடும். முழுப் பணமும் வந்து கிரயம் பதிந்த அன்று, மின் மீட்டர் ரீடிங்கை இருவரும் படம் எடுத்துக்கொண்டு, செப்டிக் டேங்க் மூடி, கேட் வால்வு, சுவருக்குள் குழாய் போகும் வழி இவற்றை ஒரு தாளில் வரைந்து, வேலை நடந்தபோது எடுத்த படங்களோடு சாவியைக் கொடுங்கள்.