பிரேக் சத்தம்: பேட் மேல் பழி போடும் முன்

பிரேக் கீச்சென்றதும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடி ஒரு செட் பேட் (டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டைகள்) வாங்கி மாட்டுவது. வீட்டு வாசலில் வேலை பார்க்கத் தொடங்கும் எல்லாரும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். இன்று பிழை இல்லாமல் வேலை செய்பவர்களும் ஒரு காலத்தில் இதைச் செய்தவர்களே. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கையை விடக்கூடாது, ஸ்டாண்ட் வைக்க வேண்டும் என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள சிறிய கார்களை மனதில் வைத்து, அடிக்கடி நடக்கும் மற்ற தவறுகளை ஒவ்வொரு தலைப்பாகச் சொல்கிறோம்.

சத்தத்தைக் கேட்காமல் சக்கரத்தைக் கழற்றுவது

ஒரு பக்கம் மதில் உள்ள தெருவில், கண்ணாடியை இறக்கிவிட்டு 20 கி.மீ. வேகத்தில் உருட்டுங்கள். மதிலில் பட்டுத் திரும்பும் சத்தம் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

மிதிக்காதபோது கீச்சிட்டு, மிதித்தால் மாறுகிறதா? பெரும்பாலும் பேடில் உள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடுகிறது. பேட் இன்னும் 2 மி.மீ. அளவுதான் மிச்சம். மிதிக்கும்போது கரகரவென்று இரும்பு அரைபட்டால் பேட் முடிந்துவிட்டது, வண்டியை எடுக்காதீர்கள். மிதித்தாலும் விட்டாலும் தகரம் உரசுகிறது என்றால், டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள மண் தகட்டில் ஒரு சிறு கல் மாட்டியிருக்கலாம். தகட்டைக் கையால் லேசாக வளைத்தால் விழுந்துவிடும். வேகம் கூடக் கூட உறுமி, வளைவில் மாறினால் அது வீல் பேரிங். பிரேக்கைத் தொட வேண்டாம். மழைக்கு மறுநாள் காலையில் நாலைந்து மிதி வரைக்கும் வரும் சொரசொரப்பு டிஸ்க்கில் படிந்த துரு. தானே போய்விடும்.

வெளிப் பேடை மட்டும் பார்ப்பது

அலாய் வீல் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்து, “7 மி.மீ. இருக்கு, கவலையில்லை” என்பார்கள். உள் பேட் தேய்ந்து தகட்டோடு நின்றிருக்கும். இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் வருகிறது என்றால் குற்றவாளி பேட் இல்லை.

கைடு பின்னைத் தொடாமல் பேட் மாற்றுவது

பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருவது இதில்தான். பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரில், இந்த வகைக் கார்களில் பிஸ்டன் உள்பக்கம் மட்டுமே. மிதித்ததும் அது உள் பேடைத் தள்ளும். பிறகு காலிப்பர் இரண்டு கைடு பின்களில் வழுக்கி வெளிப் பேடை இழுத்து வரும். பின் இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. உள் பேடே முழு வேலையும் செய்து, மிதியை விட்ட பிறகும் உரசிக்கொண்டே இருக்கும். டிஸ்க் கொதிக்கும், சத்தம் வரும். புது பேட் மாட்டினால் சில நாள் அமைதி, பிறகு பழைய கதை. இரண்டாவது சுற்றில் டிஸ்க்கும் சேர்ந்து போய்விடும்.

இதைவிட மோசம், பின்னைக் கழற்றும் அளவுக்கு விவரம் தெரிந்தவர், அலமாரியில் இருக்கும் சாதாரண பேரிங் கிரீஸை அதில் தடவுவது. பிரேக் ரப்பர்கள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் வகை, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பும். சில மாதம் கழித்துக் கழற்றினால் பின்னில் உள்ள ரப்பர் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி இருக்கும். பின் துளைக்குள் கவ்விக்கொண்டு வராது. சில நேரம் பின் நுழையும் பிராக்கெட்டையே மாற்ற வேண்டிவரும்.

சரியான முறை இது. காலிப்பர் போல்ட்டைக் கழற்றுங்கள். பல வண்டிகளில் 12 அல்லது 14 ஆம் நம்பர் ஸ்பேனர். போல்ட்டோடு பின்னும் சேர்ந்து சுற்றினால் பின்னின் தலையை மெல்லிய ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டுங்கள். பின்னையும் துளையையும் பிரேக் கிளீனரால் துடையுங்கள். பின்னில் துருக்குழி இருந்தால் பின் புதிது, பின்னை மூடும் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் பூட் புதிது. பல வண்டிகளில் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒன்றாக இருக்காது. ஒன்றில் மட்டும் ரப்பர் உறை இருக்கும், இடம் மாற்றாதீர்கள். சிலிகோன் பிரேக் கிரீஸ் ஒரு பின்னுக்குப் பட்டாணி அளவு. அதிகம் வைத்தால் துளையின் அடியில் கிரீஸும் காற்றும் அடைபட்டு, உள்ளே அழுத்திய பின்னைத் திரும்ப வெளியே தள்ளும். இரண்டு விரலால் தள்ளினால் போய், இழுத்தால் வர வேண்டும்.

டிஸ்க்கில் எண்ணெய் ஸ்பிரே

சத்தம் நிற்கும். வண்டி நிற்காது.

பேடை உப்புத்தாளில் தேய்ப்பது

மேல் பளபளப்பு போகும், காரணம் போகாது.

பிரேக் ஆயில் டேங்க்கை மறப்பது

புது பேடுக்கு இடம் விட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் மேலேறும். இடையில் யாராவது டேங்க்கை நிரப்பியிருந்தால் வழிந்து பெயின்ட்டைத் தின்னும். பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பின்சக்கரமும் டிஸ்க்காக இருந்து, ஹேண்ட் பிரேக் காலிப்பருக்குள்ளேயே இருக்கும் வண்டியில் பெரும்பாலும் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். சி-கிளாம்ப் வைத்து அழுத்தினால் உள் அமைப்பு உடையும்.

டிரம்மைச் சுத்தியலால் அடிப்பது

முதலில் முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். பல டிரம்களின் முகத்தில் மரையிட்ட இரண்டு சிறு துளைகள் இருக்கும். அதில் 8 மி.மீ. போல்ட் இரண்டை மாற்றி மாற்றி அரைச் சுற்றாக இறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவோ ஏர் அடிக்கவோ வேண்டாம். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். ஷூ (டிரம்மின் உட்புறத்தை அழுத்தும் வளைந்த கட்டை) பக்கவாட்டில் உரசும் மேடுகள் அதன் பின்னால் உள்ள தகட்டில் தெரியும். அவற்றில் மட்டும் அதிக வெப்பம் தாங்கும் கிரீஸை நகத்தளவு தடவினால் டிரம் முனகல் பெரும்பாலும் அடங்கும்.

முதல் மிதி

வேலை முடிந்ததும் கியர் போடாதீர்கள். பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் மிதி தரைவரை இறங்கும். கடினமாகும்வரை நின்ற இடத்திலேயே மிதியுங்கள். பிறகு காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, மறுபடி ஏற்றி, பத்து முறை. முழுதாக நிறுத்த வேண்டாம். சூடான டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் அழுத்தி நின்றால் தடம் பதிந்து மிதி உதறும். அதன் பிறகு ஐந்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டிக் காற்றில் ஆறவிடுங்கள்.